குமரி மாவட்டத்தில் வீட்டு பார்: பாட்டில் இரண்டு போதும், மீதியைச் சந்தையில் தேடுங்கள்

வீட்டில் நல்லதாக ஒரு காக்டெய்ல் போட்டுக் குடிக்கலாம் என்று நினைக்கிறவர் முதலில் ஒரு வீடியோ பார்ப்பார், அதில் வரும் பாட்டில்களை எல்லாம் பட்டியல் போடுவார், கடையில் போய்க் கேட்பார், முக்கால்வாசி இங்கே கிடைக்காது என்று தெரிந்ததும் பழையபடி ரம்மில் கோலாவை ஊற்றிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் என்று எங்கே இருந்தாலும் இதே கதைதான். என் கருத்து இது: நம் ஊரில் பாட்டில் தேர்வு குறைவு, அதை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் காக்டெய்லில் பாட்டிலைத் தவிர மற்றதெல்லாம், அதாவது இனிப்பு, புளிப்பு, மசாலா, பழம், இவற்றில் நம் மாவட்டத்துக்கு இணையாக இன்னொரு ஊரைச் சொல்வது கஷ்டம். அதனால் பாட்டிலுக்குக் குறைவாகவும் சந்தைக்கு அதிகமாகவும் அலைய வேண்டும். அந்த வரிசையிலேயே போகலாம்.

முதலில் சட்டம், சுருக்கமாக

தமிழ்நாட்டில் 21 வயது ஆகியிருக்க வேண்டும். சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில் மட்டும்தான், பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுவார்கள். களியக்காவிளை தாண்டினால் கேரளம், அங்கே கடையில் வேறு ரகங்கள் இருக்கும் என்ற சபலம் எல்லாருக்கும் வரும். அங்கே வயது வரம்பு 23, அதைவிட முக்கியம், அங்கே வாங்கிய பாட்டிலை அனுமதி இல்லாமல் இந்தப் பக்கம் கொண்டுவந்தால் வழக்கு. இரண்டு பாட்டிலுக்காக வண்டியைச் செக்போஸ்டில் விட்டுவிட்டு வர வேண்டாம்.

இன்னொன்று. அக்கானி, அதாவது பதநீர், நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கிறது என்பதற்காக அதைப் புளிக்க வைத்துப் பார்க்கிறேன், வீட்டில் வடித்துப் பார்க்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். கள் தமிழ்நாட்டில் 1987 முதல் தடையில் இருக்கிறது. சாராயம் வடிப்பது குற்றம் மட்டுமில்லை, உயிர்ப் பிரச்சினை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60 பேருக்கு மேல் செத்துப் போனார்கள். மெத்தனாலை வாசனையை வைத்தோ ருசியை வைத்தோ கண்டுபிடிக்க முடியாது. இங்கே நான் சொல்வதெல்லாம் சீல் உடையாத, ஹாலோகிராம் ஒட்டிய, பில்லோடு வாங்கிய பாட்டிலை வைத்துத்தான்.

பாட்டில் வாங்குவது

லேபிளைப் படிக்கப் பழகுங்கள், பாதிப் பணம் மிச்சம். இந்தியாவில் விற்கும் விலை குறைந்த விஸ்கிகளில் பெரும்பாலானவை கரும்புச் சர்க்கரைப் பாகுக் கழிவிலிருந்து, அதாவது மொலாசஸிலிருந்து எடுத்த நடுநிலை ஆல்கஹாலில் கொஞ்சம் மால்ட் விஸ்கியும் நிறமும் சேர்த்தவை. ஐரோப்பாவில் இதை விஸ்கி என்ற பெயரில் விற்கவே முடியாது. பிராந்தியிலும் இதே விஷயம் உண்டு: தென்னிந்தியா பிராந்தி குடிக்கிற பூமி, ஆனால் திராட்சையிலிருந்து எடுத்தது எவ்வளவு என்று லேபிளில் தேடிப் பார்த்தால்தான் தெரியும். 'நியூட்ரல் ஸ்பிரிட்', 'சேர்க்கப்பட்ட வாசனை' என்று பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். 'சிங்கிள் மால்ட்' என்று போட்டிருந்தால் அது ஒரே ஆலையில் முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் வடித்தது. பெங்களூரின் அம்ருத், கோவாவின் பால் ஜான், உத்தரப்பிரதேசத்தின் ராம்பூர், ஹரியானாவின் இந்திரி எல்லாம் இந்த வகை, உலகத் தரம். நம் நாட்டுச் சூட்டில் மரப்பீப்பாய்க்குள் விஸ்கி வேகமாக முதிர்கிறது, அதே வேகத்தில் ஆவியாகியும் போகிறது: ஸ்காட்லாந்தில் வருடத்துக்கு 2 சதவீதம் போனால் பெங்களூரில் 10 சதவீதத்தையும் தாண்டும். விலைக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் சிங்கிள் மால்ட்டைக் காக்டெய்லில் ஊற்றாதீர்கள், அது தனியாகக் குடிக்க.

காக்டெய்லுக்கு ஆரம்பத்தில் இரண்டே பாட்டில் போதும். ஒன்று கருப்பு ரம். ஓல்ட் மாங்க் 1954லிருந்து இருக்கிறது, மலிவு, வெனிலா வாசம் தூக்கலாக இருக்கும், கருப்பட்டியோடும் வாழைப்பழத்தோடும் இது சேரும் அழகுக்கு வெளிநாட்டு ரம் தேவையே இல்லை. இரண்டாவது ஜின். கடந்த சில வருடங்களில் கோவாவிலிருந்து வரும் கிரேட்டர் தேன் (Greater Than), ஸ்ட்ரேஞ்சர் அண்ட் சன்ஸ் போன்றவை நன்றாக இருக்கின்றன. எல்லாக் கடையிலும் கிடைக்காது, டாஸ்மாக்கின் உயர்ரக எலைட் கடையில் முதலில் கேட்டுப் பாருங்கள். ஜின்னுக்கு ஜூனிப்பர் காய்தான் அடிப்படை, அதற்கு அடுத்து பெரும்பாலான ஜின்களில் போடுவது நம் வீட்டுக் கொத்தமல்லி விதைதான். அதனால்தான் நம் மசாலாக்களோடு அது சண்டை போடுவதில்லை. ஜின் கிடைக்கவில்லை என்றால் சாதா வோட்கா வாங்குங்கள், அதற்கென்று தனி ருசி கிடையாது, நீங்கள் போடுவதை வாங்கிக்கொள்ளும்.

புதிதாக ஒரு ரகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் ஃபுல் வாங்காதீர்கள், 180 மில்லி குவார்ட்டர் கிடைத்தால் அது போதும். ஏற்கெனவே தெரிந்த ஒன்றையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் 15 மில்லி ஊற்றி வையுங்கள். தனியாகக் குடித்தால் எல்லாமே 'பரவாயில்லை' என்றுதான் படும், ஒப்பிட்டால்தான் வித்தியாசம் தெரியும். மூக்கைக் கிளாஸுக்குள் விடாமல், வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு முகருங்கள், எரிச்சல் குறையும். நம் பாட்டில்கள் பெரும்பாலும் 42.8 சதவீதம், அதனால் கால் டீஸ்பூன் தண்ணீர் விட்டு மறுபடி பாருங்கள்; நல்ல சரக்கு தண்ணீர் பட்டதும் விரியும், மோசமானது வெறும் ஸ்பிரிட் வாடையாக நிற்கும்.

இனி சந்தை

இதுதான் விஷயமே. வடசேரி கனகமூலம் சந்தை, திங்கள்சந்தை, மார்த்தாண்டம், கருங்கல், எது பக்கமோ அங்கே காலையிலேயே போய்விடுங்கள்.

கருப்பட்டி. வெள்ளைச் சீனிப் பாகு போட்ட ரம்முக்கும் கருப்பட்டிப் பாகு போட்ட ரம்முக்கும் உள்ள தூரம் ரொம்பப் பெரிது. புகை, லேசான உப்பு, கருகின வாசம் எல்லாம் அதிலேயே வந்துவிடுகிறது. ஆனால் சீனி கலந்த கருப்பட்டி எங்கும் இருக்கிறது. ஒன்றை உடைக்கச் சொல்லுங்கள், உடைந்த இடம் கற்கண்டு மாதிரி மின்னினால் சந்தேகப்படுங்கள். விற்கிற பாட்டியிடம் "இது இந்த வருசத்துதா, பழசா?" என்று கேட்டு, ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், வெறும் தித்திப்பு மட்டும் இருந்தால் வைத்துவிட்டு நகருங்கள். அக்கானி புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள் அல்லவா, அதன் மிச்சமும் கொஞ்சம் மணலும் கருப்பட்டியில் இருக்கும், இதை எப்படி வடிகட்டுவது என்று கீழே சொல்கிறேன்.

கிராம்பு. மாறாமலை, கரும்பாறைப் பக்கத்து மலைத் தோட்டங்களில் விளையும் கன்னியாகுமரி கிராம்புக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாக்கெட்டில் வருவதை வாங்காமல் சில்லறையாகக் கேளுங்கள். ஒரு கிராம்பை எடுத்து அதன் தண்டை நகத்தால் அழுத்துங்கள், எண்ணெய் கசிந்து நகம் பளபளக்க வேண்டும், அந்த வாசம் மத்தியானம் வரை விரலை விட்டுப் போகக் கூடாது. இன்னொரு சோதனை, தண்ணீரில் போடுவது. நல்லது மூழ்கும் அல்லது தலை மேலாக நிமிர்ந்து நிற்கும், ஏற்கெனவே எண்ணெய் எடுத்த சக்கை படுத்துக்கொண்டு மிதக்கும். கூடவே கறுவாப்பட்டை, நல்லமிளகு, ஒரு முழு ஜாதிக்காய். ஜாதிக்காயைப் பொடியாக வாங்காதீர்கள், முழுதாக வைத்துக்கொண்டு வேண்டும்போது ஒரு சிட்டிகை துருவினால் போதும். அதிகம் போட்டால் உடம்புக்கு ஆகாது.

தேன். மார்த்தாண்டம் தேன் பெரும்பாலும் ரப்பர் தோட்டத்துத் தேன், பூவிலிருந்துகூட இல்லை, தை மாசி வாக்கில் ரப்பர் புது இலை விடும்போது இலைக் காம்பில் சுரக்கும் இனிப்பிலிருந்து தேனீ எடுப்பது. அது சீக்கிரம் உறைந்து குருணையாகும். உறைந்தால் கலப்படம் என்று சொல்லித் தூக்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும்.

எலுமிச்சை. வெளிநாட்டுக் குறிப்புகள் சொல்லும் பெரிய பச்சை லைம் வேறு, நம் நாட்டு எலுமிச்சை அதைவிடச் சிறியது, புளிப்பும் வாசமும் கூடுதல். அதனால் 30 மில்லி என்று போட்டிருந்தால் 20ல் ஆரம்பியுங்கள். அன்றைக்குப் பிழிந்ததை அன்றைக்கே பயன்படுத்த வேண்டும், மறுநாள் கசக்கும். நார்த்தங்காய் கிடைத்தால் அதன் தோலுக்காகவே வாங்குங்கள்.

பழங்கள். மட்டி வாழைப்பழத்துக்கு 2023ல் புவிசார் குறியீடு வந்தது. அது வரும் முன்பும் வாசனையில் அதை அடிக்க ஆள் கிடையாது. ரப்பர் இளங்கன்றுகளுக்கு இடையே போடும் அன்னாசி, சீசனில் செங்கவருக்கை மாம்பழம், இதெல்லாம் தெரிந்ததே. யாரும் சீண்டாத ஒன்று இருக்கிறது, கொல்லாம்பழம், அதாவது முந்திரிப் பழம். கொட்டையைத் திருகி எடுத்துவிட்டுப் பழத்தை மரத்தடியில் அழுக விடுகிறார்கள், கோவாக்காரன் அதிலிருந்துதான் ஃபென்னி எடுத்து 2009ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டான். தொண்டையைப் பிடிக்கும் துவர்ப்புதான் பிரச்சினை. அதற்கு வழி உண்டு: சாற்றைப் பிழிந்து, ஆறின அரிசிக் கஞ்சித் தண்ணீரை கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்குங்கள். சில நிமிடத்தில் கஞ்சியும் துவர்ப்பும் சேர்ந்து திரித்திரியாகப் பிரிந்து அடியில் இறங்கும், மேலே தெளிந்த மஞ்சள் சாறு நிற்கும், துணியில் வடித்தால் முடிந்தது. உலகத்துப் பெரிய பார்களில் பாலைத் திரிய வைத்துத் தெளிவிக்கும் மில்க் பஞ்ச் என்று ஒன்று பெருமையாகப் போடுகிறார்கள், அதுவும் துவர்ப்பைப் பிடித்து இழுக்கிற இதே வேலைதான்.

தோவாளைப் பூவைப் பார்த்ததும் பிச்சிப்பூவை ஊறப் போடலாமா என்று தோன்றும். வேண்டாம், அது தலையில் வைக்க வளர்த்தது, மருந்து அடித்திருப்பார்கள்.

பாகும் சாறும் தயார் செய்வது

கருப்பட்டிப் பாகு: 200 கிராம் கருப்பட்டியைத் தட்டி 200 மில்லி தண்ணீரில் போட்டு, சிறு தீயில் கரையும்வரை மட்டும் வையுங்கள், கொதிக்க விட்டால் பாகு பதம் ஏறி ஐஸில் கட்டிப்படும். இறக்கி அசையாமல் அரை மணி நேரம் விட்டால் மணலும் சுண்ணாம்பும் அடியில் உட்காரும், மேலாக ஊற்றி வெள்ளைத் துணியில் வடியுங்கள், கடைசி இரண்டு ஸ்பூனைக் கொட்டிவிடுங்கள். ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று வாரம் தாங்கும்.

தேன் பாகு: இரண்டு பங்கு தேன், ஒரு பங்கு வெந்நீர், கலக்குங்கள், அவ்வளவுதான். நேரடியாகத் தேனை ஐஸோடு போட்டால் அடியில் ஒட்டிக்கொள்ளும்.

நன்னாரி: கடையில் விற்கும் சர்பத்தில் நிறமும் எசென்ஸும்தான் அதிகம். நாட்டு மருந்துக் கடையில் 50 கிராம் வேர் வாங்கி, கழுவி, தட்டி, உள்ளே இருக்கும் வெள்ளை நரம்பை நீக்கிவிட்டு, தோலை மட்டும் அரை லிட்டர் கொதிநீரில் ராத்திரி முழுக்க மூடி வையுங்கள். காலையில் வடித்து அரை கிலோ சீனி போட்டுக் கரைய வைக்கவும். ரம்மோடும் சரி, ஜின்னோடும் சரி, இது போதும் என்று நினைக்க வைக்கும்.

இனி பிட்டர்ஸ், அதாவது மசாலாவும் தோலும் ஊறிய, சொட்டுச் சொட்டாக விடும் கசப்புச் சாறு. காக்டெய்ல் என்ற சொல்லுக்கு 1806ல் ஒரு அமெரிக்கப் பத்திரிகை கொடுத்த விளக்கமே மது, சீனி, தண்ணீர், பிட்டர்ஸ் என்பதுதான். அங்கோஸ்துரா பிட்டர்ஸ் நம் ஊரில் கிடைப்பது சந்தேகம், ஆனால் அதன் வேலையைச் செய்ய ஒன்று வீட்டிலேயே போடலாம். 100 மில்லி வோட்காவில் அரை நார்த்தங்காயின் மேல்தோல் (வெள்ளைப் பகுதி வேண்டாம், கசந்து கெடுக்கும்), பத்து நல்லமிளகு தட்டியது, விரல்நுனி அளவு கறுவாப்பட்டை, ஆறு கிராம்பு. கிராம்பை மட்டும் ஒரே நாளில் எடுத்துவிடுங்கள், விட்டால் பல் டாக்டர் கிளினிக் வாசனை வந்துவிடும், மற்றவை ஐந்து நாள் இருக்கட்டும். வடித்துச் சொட்டு மருந்துக் குப்பியில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. கசப்பு குறைவுதான், ஆனால் வாசனை இருக்கிறது.

மட்டி ரம்: நன்றாகப் பழுத்த மூன்று பழத்தை வட்டமாக நறுக்கி 375 மில்லி ரம்மில் இரண்டு நாள் போட்டு, பிழியாமல் வடியுங்கள். பிழிந்தால் கூழாகும்.

ஐஸும் சாமானும்

கடலோர ஊர்களில் போர் தண்ணீர் உப்பு கரிக்கும், அதில் போட்ட ஐஸ் உருக உருகக் குடிப்பது கெடும். கேன் தண்ணீர் அல்லது ஆர்ஓ தண்ணீர் எடுங்கள். நெய்மீன், சாளை எல்லாம் இருக்கிற அதே ஃப்ரீசரில்தான் நாம் ஐஸும் வைக்கிறோம், அதனால் மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், இல்லாவிட்டால் ஜின்னில் மீன்வாசம் நிச்சயம். சின்னக் கிண்ணத்தில் உறைய வைத்த பெரிய கட்டி மெதுவாக உருகும். ஷேக்கர் வாங்க வேண்டியதில்லை, இறுக்கமாக மூடும் ஜாம் பாட்டில், டீ வடிகட்டி, இருமல் மருந்தோடு வரும் கோடு போட்ட மூடி, இந்த மூன்றும் போதும். அளக்காமல் ஊற்றுவதுதான் வீட்டுக் காக்டெய்ல் கெடுவதற்கு முதல் காரணம்.

போட்டுப் பார்க்க

எலுமிச்சை சேர்ந்தால் குலுக்குங்கள், சேராவிட்டால் கரண்டியால் கிளறுங்கள். இந்த ஒரு விதி போதும். குலுக்குவது பத்துப் பதினைந்து நொடி, கிளறுவது அரை நிமிடம்.

கருப்பட்டி ஓல்ட் ஃபேஷன்ட்: ரம் அல்லது விஸ்கி 60 மில்லி, கருப்பட்டிப் பாகு ஒன்றரை டீஸ்பூன், வீட்டு பிட்டர்ஸ் ஐந்தாறு சொட்டு, பெரிய ஐஸ் போட்டுக் கிளறி, மேலே நார்த்தங்காய்த் தோலை வளைத்துப் பிழிந்துவிடுங்கள். தோலிலிருந்து மேலே தெறிக்கும் எண்ணெய்தான் முதல் வாசனை. மட்டி ரம்மில் இதைப் போட்டால் பாகைக் கொஞ்சம் குறைக்கவும்.

தேன் சவர்: ஜின் 60, எலுமிச்சை 20, தேன் பாகு 20, குலுக்கி வடியுங்கள். அமெரிக்காவில் பீஸ் நீஸ் என்று சொல்வார்கள். ஜின்னுக்குப் பதில் விஸ்கியும் ஒரு துண்டு இஞ்சியைத் தட்டிப் பிழிந்த சாறும் போட்டால் அது பெனிசிலின் என்ற காக்டெய்லுக்கு நெருங்கிய உறவு ஆகிவிடும்.

நன்னாரி ஜின்: ஜின் 45, நன்னாரிப் பாகு 20, எலுமிச்சை 15, நீளக் கிளாஸில் ஐஸ் நிரப்பி மேலே சோடா. காரம் பிடிக்கும் என்றால் ஒரு காந்தாரி மிளகாயைக் கீறிப் போடுங்கள், நசுக்க வேண்டாம். குடிக்காதவர்களுக்கு ஜின்னை விட்டுவிட்டு இதையே கொடுக்கலாம், அக்கானி சீசனில் சோடாவுக்குப் பதில் குளிர்ந்த அக்கானி. வண்டி ஓட்ட வேண்டியவருக்கு இதுதான், இதில் பேரம் கிடையாது.

கொல்லாம்பழ ரம்: தெளிந்த சாறு 60, ரம் 45, எலுமிச்சை 10, பாகு தேவைப்பட்டால் மட்டும். மேலே ஜாதிக்காய் ஒரு சிட்டிகை.

நமக்கு இரண்டு பருவமழையும் கொட்டும், அந்த நாளில் ஐஸையே தொட வேண்டாம். பிராந்தி 45, தேன் பாகு 15, இரண்டு கிராம்பு, ஒரு துண்டு கறுவாப்பட்டை, வெந்நீர் 120. ஜலதோஷத்துக்கு மருந்து என்று மட்டும் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

வளைகுடாவிலிருந்து யாராவது வருகிறார்களா?

நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் அங்கே இருப்பார், திருவனந்தபுரத்தில் இறங்கும்போது டியூட்டி ஃப்ரீயில் ஒரு விஸ்கி பாட்டில் வாங்குவார். வெளிநாட்டிலிருந்து வரும் ஒருவருக்குச் சுங்கத்தில் 2 லிட்டர் அனுமதி, பில்லைப் பாட்டிலோடு சேர்த்து வைத்திருக்கச் சொல்லுங்கள். ஆனால் விஸ்கியை விடுங்கள், அதுதான் இங்கேயே கிடைக்கிறதே. கேட்க வேண்டியது இங்கே கிடைக்காதது: ஒரு கம்பாரி (கசப்பான சிவப்பு இத்தாலிய மது), ஒரு சிவப்பு வெர்மூத் (மூலிகை சேர்த்த ஒயின்). ஜின், கம்பாரி, வெர்மூத் மூன்றும் 30, 30, 30 ஊற்றிக் கிளறினால் நெக்ரோனி. கம்பாரி அலமாரியில் வருடக்கணக்கில் இருக்கும். வெர்மூத் அப்படி இல்லை, அது அடிப்படையில் ஒயின், திறந்த அன்றே ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும், இரண்டு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் மாட்டிறைச்சி வேகும்போது ஒரு கை ஊற்றிவிடுங்கள், நன்றாகத்தான் இருக்கும்.